ஓகேடி, குபர்னெட்டிஸ் தளங்களில் நிறுவன கொண்டெய்னர் இமேஜ்கள்: உரிமக் கேள்விகளுக்கான முழுமையான வழிகாட்டி

2022 மார்ச் மாதத்தில் இலங்கை ரூபா மிதக்கவிடப்பட்டபோது, அதுவரை 200 ரூபா அளவில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஒரு டொலரின் விலை சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. டொலரில் கட்டணம் செலுத்தும் மென்பொருள் சந்தாக்களை வைத்திருந்த கொழும்பு நிறுவனங்களுக்கு, வேறெதுவும் மாறாமலேயே ஆண்டுக் கட்டணம் ரூபாக் கணக்கில் ஏறத்தாழ முக்கால் மடங்கு கூடியது. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஓப்பன்ஷிஃப்ட் போன்ற சந்தாத் தளங்களை விட்டு அதன் சமூக வடிவமான ஓகேடிக்கோ, பல கணினிகளில் கொண்டெய்னர்களை இயக்கி நிர்வகிக்கும் சாதாரண குபர்னெட்டிசுக்கோ மாறலாமா என்ற பேச்சு தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளில் அதன் பிறகு இன்னும் வலுத்தது. அந்த மாற்றத்தில் தவறேதும் இல்லை. ஓகேடியும் குபர்னெட்டிசும் அப்பாச்சி 2.0 என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியாகின்றன, அவற்றை உற்பத்திச் சூழலில் இயக்க யாருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. சிக்கல் தளத்தில் இல்லை, அதன் மேல் ஓடும் இமேஜ்களில், அதாவது நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிவைத்த கோப்புகளில், இருக்கிறது. தளம் மாறிய பிறகும், இமேஜ்களைச் சேமித்து வழங்கும் பழைய ரெஜிஸ்ட்ரியிலிருந்து, பழைய கடவுச்சொல்லுடன், அதே இமேஜ்கள் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். கட்டடத்துக்கு வாடகை இல்லை என்பதால் உள்ளே கொண்டுவந்து வைக்கும் தளபாடமும் இலவசமாகிவிடாது.

கோட்டையின் மாடிக் கட்டடங்களிலும் தெமட்டகொட, மருதானைப் பக்கத்து அலுவலகங்களிலும் கிளஸ்டர்களை (ஒன்றாக இயங்கும் கணினித் தொகுதிகளை) பராமரிக்கும் பொறியியலாளர்களுக்காகவும், அவர்கள் கேட்பதைக் கொள்வனவு செய்து கொடுக்கும் அதிகாரிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு இமேஜை இழுக்க, அதாவது ரெஜிஸ்ட்ரியிலிருந்து தரவிறக்க, முடிவது வேறு, அதை இயக்க உரிமை இருப்பது வேறு என்பதே இதன் அடிப்படை. இறுதி முடிவு உங்கள் நிறுவனம் கையொப்பமிட்ட ஒப்பந்தத்திலும் அதை வாசிக்கும் சட்டத்தரணியிடமும்தான் இருக்கிறது. ஆனால் சரியான கேள்வியை அவரிடம் கொண்டுசேர்ப்பது பொறியியலாளரின் வேலை.

படி 1: ஒரு இமேஜுக்குப் பின்னால் எத்தனை ஆவணங்கள் இருக்கின்றன என்று பாருங்கள்

கொண்டெய்னர் இமேஜ் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கோப்புத் தொகுதிகள். அடியில் இயங்குதளத்தின் பயனர் பகுதி, அதன் மேல் நிரல்மொழியை இயக்கும் மென்பொருள், அதன் மேல் இடைநிலை மென்பொருள், உச்சியில் உங்கள் நிரல். உள்ளே உள்ள ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் தனித்தனி உரிமம் உண்டு: பாஷ், விநியோகிக்கும்போது மூலநிரலையும் கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வருகிறது, ஜிலிப்சி அதன் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்லில் வருகிறது, ஓப்பன்எஸ்எஸ்எல் மூன்றாம் பதிப்பு அப்பாச்சி 2.0இல் வருகிறது. இவை முதல் வகை ஆவணங்கள்.

இரண்டாவது, இமேஜை முழுமையாக எடுத்து வெளியிட்ட நிறுவனம் அதன் மீது விதிக்கும் இறுதிப் பயனர் ஒப்பந்தம். மூன்றாவது, புதுப்பிப்புகளையும் ஆதரவையும் பெறுவதற்கான சந்தா ஒப்பந்தம். இவற்றுடன் வணிகச் சின்னம் பற்றிய விதிகளும் சேரும். "உள்ளே இருப்பதெல்லாம் ஜிபிஎல், ஆகவே எப்படியும் பயன்படுத்தலாம்" என்று வாதிடுபவர்கள் முதல் ஆவணத்தை மட்டும் வாசித்தவர்கள். ஜிபிஎல் கொடுத்த உரிமையை எந்த விற்பனையாளரும் பறிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் உங்கள் நிறுவனம் ஒரு சந்தா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, எத்தனை அலகுகளில் பயன்படுத்துகிறோமோ அத்தனைக்கும் கட்டணம் செலுத்துவதாக உடன்பட்டிருந்தால், அந்தக் கடப்பாடு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறது; பதிப்புரிமையைப் பற்றிய வாதம் அதைத் தொடுவதில்லை.

இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2005இல் தொடங்கப்பட்டு கொழும்பில் வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஏபிஐ (மென்பொருள்களை இணைக்கும் இடைமுகம்) மேலாண்மைத் தயாரிப்பின் மூலநிரல் அப்பாச்சி 2.0இல் திறந்திருக்கிறது, பொதுவெளியீட்டு இமேஜ்களை யாரும் இழுக்கலாம். திருத்தங்கள் சேர்க்கப்பட்ட இமேஜ்களோ சந்தா உள்ளவர்களுக்கான தனி ரெஜிஸ்ட்ரியில், வேறு நிபந்தனைகளின் கீழ் இருக்கின்றன. மூலநிரல் ஒன்று, இமேஜ்கள் இரண்டு, உரிமைகளும் இரண்டு.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பதிப்புரிமை பெற்ற படைப்புகளாகப் பாதுகாக்கிறது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். "இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்" என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் நிறுவனங்களுக்கு நடைமுறையிலும் இடமில்லை, ஏனெனில் அந்த வாடிக்கையாளர்களின் கணக்காய்வாளர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

படி 2: கிளஸ்டரில் உண்மையில் ஓடுவதைப் பட்டியலிடுங்கள்

வடிவமைப்பு ஆவணத்தில் இருப்பதை அல்ல, கிளஸ்டரில் இப்போது ஓடிக்கொண்டிருப்பதை எடுங்கள். எல்லா நேம்ஸ்பேஸ்களிலும் (கிளஸ்டரின் உட்பிரிவுகள்) உள்ள பொட்களின் (கொண்டெய்னர்கள் ஓடும் அலகுகள்) இமேஜ் முகவரியையும் டைஜஸ்டையும் (உள்ளடக்கத்திலிருந்து கணித்த மாறாத அடையாளம்) குபெக்டில் கட்டளையால் ஒரு கோப்பில் இறக்கிக்கொள்ளலாம். டேக் என்ற பதிப்புப் பெயர் போதாது, அதே டேக் நாளை வேறு இமேஜைக் காட்டக்கூடும். முதலில் ஓடி முடியும் இனிட் கொண்டெய்னர்கள், துணைக்கு ஓடும் சைட்கார்கள், மற்ற மென்பொருளை நிறுவிப் பராமரிக்கும் ஓப்பரேட்டர்கள், நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் தொடர் ஒருங்கிணைப்புக்கான ரன்னர்கள் ஆகியவை பட்டியலிலிருந்து அடிக்கடி தவறுகின்றன; அவற்றையும் சேருங்கள்.

பட்டியலை ரெஜிஸ்ட்ரி வாரியாகப் பிரித்தால் பாதி வேலை முடிந்துவிடும். ரெட் ஹாட்டின் இரண்டு ரெஜிஸ்ட்ரிகள், ஒரக்கிளின் ரெஜிஸ்ட்ரி, மைக்ரோசொஃப்டின் ரெஜிஸ்ட்ரி, ஐபிஎம்மின் உரிமச் சாவி கேட்கும் ரெஜிஸ்ட்ரி, டொக்கர் ஹப், குவே என்று அவை தாமாகவே குழுக்களாகும்.

அடுத்து, கிளஸ்டரில் உள்ள இழுப்பு இரகசியங்களை, அதாவது ரெஜிஸ்ட்ரியில் உள்நுழையும் கடவுச்சொற்களை, பாருங்கள். ஒவ்வொன்றும் யாருடைய கணக்கு, எந்த ஒப்பந்தத்தின் கீழ் உருவாக்கப்பட்டது, அந்த ஒப்பந்தம் இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்று எழுதுங்கள். என் அனுபவத்தில் இந்தப் பட்டியல்தான் மற்றெல்லாவற்றையும் விட அதிகமாகப் பேசும். விலகிப்போன ஓர் ஊழியரின் தனிப்பட்ட டெவலப்பர் கணக்கில் உற்பத்திக் கிளஸ்டர் முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது இப்படிப் பார்க்கும்போதுதான் தெரியவரும். ரெட் ஹாட் 2021 தொடக்கத்தில் விரிவாக்கிய கட்டணமற்ற டெவலப்பர் சந்தா 16 கணினிகள் வரை அனுமதிக்கிறது. ஆனால் அது தனிநபருக்கானது. ஒரு வங்கியோ காப்புறுதி நிறுவனமோ தன் சேவையை அதன் மேல் நிறுத்துவதற்கு அது வழிசெய்யவில்லை.

படி 3: ரெட் ஹாட் இமேஜ்களில் யூபிஐ எது, மற்றது எது என்று பிரியுங்கள்

2019 மே மாதத்தில் ரெட் ஹாட் யூனிவர்சல் பேஸ் இமேஜ் என்ற அடிப்படை இமேஜ்களை வெளியிட்டது. சுருக்கமாக யூபிஐ. சாதாரண வடிவம், மினிமல், மைக்ரோ, சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டி உள்ள இனிட் வடிவம் என நான்கு வகை உண்டு. இவற்றைச் சந்தா இல்லாமல் இழுக்கலாம், எந்தத் தளத்திலும் இயக்கலாம், உங்கள் நிரலைச் சேர்த்து மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். ஓகேடியில் இயக்கினாலும், உபுண்டு நோட்களில் (கிளஸ்டரின் கணினிகளில்) நிறுவிய குபர்னெட்டிசில் இயக்கினாலும் உரிமம் தடையில்லை. ரெட் ஹாட்டின் ஆதரவு மட்டும் சந்தா பெற்ற ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் (ஆர்எச்இஎல்) அல்லது ஓப்பன்ஷிஃப்ட் மேல் ஓடும்போதே கிடைக்கும்.

ஆனால் ரெட் ஹாட்டின் எல்லா இமேஜ்களும் யூபிஐ அல்ல. போஸ்ட்கிரஸ் தரவுத்தள இமேஜை எடுத்துக்கொள்வோம். ஆர்எச்இஎல் 9 என்ற பெயர்ப் பாதையில் உள்ள இமேஜ், உள்நுழைவு கேட்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து வருகிறது. அதன் தரவுத்தளப் பொதிகள் யூபிஐ களஞ்சியத்தில் இல்லாதவை. ஆர்எச்இஎல் சந்தா உள்ள ஹோஸ்டில் (கொண்டெய்னரை இயக்கும் கணினியில்) அதை இயக்கும்போது ஹோஸ்டின் சந்தாவே கொண்டெய்னருக்கும் போதும். சென்டோஸ் ஸ்ட்ரீம் கோர்ஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடும் ஓகேடி நோட்டுக்கு அத்தகைய சந்தா இல்லை. அங்கே அந்த இமேஜ் எந்த உரிமையின் கீழும் நிற்கவில்லை. நல்ல செய்தி என்னவென்றால், அதே கட்டுமானக் குறிப்புகளிலிருந்து சென்டோஸ் ஸ்ட்ரீம் 9 மீது கட்டப்பட்ட இமேஜ், குவே ரெஜிஸ்ட்ரியில் எஸ்சிஎல்ஓஆர்ஜி என்ற பெயரில் கிடைக்கிறது. அமைப்புகளைத் தரும் சூழல் மாறிகளும் கோப்புப் பாதைகளும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், மாற்றுவது பல வேளைகளில் முகவரியை மாற்றுவதோடு முடிந்துவிடும். போஸ்ட்கிரஸ் முதன்மைப் பதிப்பு எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். இமேஜைக் கட்டும் கட்டளைகள் உள்ள டொக்கர்ஃபைலின் முதல் வரியில் யூபிஐ 9 மினிமல் இருக்கிறது. ஆகவே இமேஜ் சுதந்திரமானது என்று அணி நம்புகிறது. ஆனால் கட்டுமானச் சேர்வர் சந்தா பெற்ற ஆர்எச்இஎல் கணினி. இமேஜ் கட்டும் கருவியான பொட்மேனோ பில்டாவோ அந்த ஹோஸ்டின் சந்தாச் சான்றிதழ்களைக் கட்டுமானக் கொண்டெய்னருக்குள் தானாகவே கொண்டுவருகிறது. அடுத்த வரியில் மைக்ரோடிஎன்எஃப் என்ற நிறுவும் கருவி ஒரு பொதியை நிறுவும்போது, அது யூபிஐ களஞ்சியத்தில் இல்லாவிட்டால் முழு ஆர்எச்இஎல் களஞ்சியத்திலிருந்து அமைதியாக எடுத்துவிடும். பிழைச் செய்தி வராது, கட்டுமானம் பச்சை நிறத்தில் முடியும். அந்த நொடியிலிருந்து உங்கள் இமேஜ் யூபிஐ அல்ல; சந்தாவுக்கு உட்பட்ட ஆர்எச்இஎல் உள்ளடக்கம் கொண்ட இமேஜ். சந்தா இல்லாத தளத்தில் அதை இயக்குவதும், வாடிக்கையாளருக்குக் கொடுப்பதும் இப்போது கேள்விக்குரியவை.

கட்டுமானப் பதிவைத் திறந்து, பொதிகள் நிறுவப்படும் அட்டவணையில் களஞ்சியம் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். எல்லா வரிகளும் "யூபிஐ-9" என்று தொடங்கும் களஞ்சியப் பெயரைக் காட்டினால் கவலையில்லை. ஒரு வரியிலாவது "ஆர்எச்இஎல்-9-ஃபோர்" என்று தொடங்கும் பெயர் இருந்தால், கசிவு அங்கேதான். நிறுவும் கட்டளையிலேயே எல்லாக் களஞ்சியங்களையும் முடக்கி, யூபிஐ என்று தொடங்குபவற்றை மட்டும் இயக்கும் விருப்பங்களைச் சேர்ப்பது நம்பகமான தீர்வு. அப்போது தேவையான பொதி இல்லாவிட்டால் கட்டுமானம் உடையும். அது உடைய வேண்டும். உடைந்தால்தான் மாற்றுப் பொதியைத் தேடுவதா, மூலத்திலிருந்து தொகுப்பதா, சந்தா வாங்குவதா என்ற முடிவை ஒரு மனிதர் எடுப்பார். சந்தா இல்லாத கணினியில் கட்டுவது இன்னும் எளிய வழி. ரெட் ஹாட்டின் கூட்டாளர் திட்டத்தில் சேர்ந்த மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆர்எச்இஎல் பயனர் பொதிகளை இமேஜோடு விநியோகிக்கத் தனி ஏற்பாடு உண்டு. தயாரிப்பு விற்கும் நிறுவனங்கள் அதை விசாரிக்கலாம்.

படி 4: ஓகேடியில் இழுப்பு இரகசியத்தை என்ன செய்வது என்று முடிவெடுங்கள்

2018 வரை ஓப்பன்ஷிஃப்ட் ஒரிஜின் என்று அழைக்கப்பட்ட ஓகேடியை நிறுவும்போது, நிறுவி ஒரு இழுப்பு இரகசியம் கேட்கும். ஓகேடி ஆவணங்கள் இதற்கென ஒரு போலி இரகசியத்தையே தருகின்றன, ஏனெனில் ஓகேடியின் சொந்த இமேஜ்களுக்கு உள்நுழைவு தேவையில்லை. அந்த இடத்தில் தன் ரெட் ஹாட் கணக்கின் இரகசியத்தைப் போட்டுவிட்டு, ரெட் ஹாட் ஓப்பரேட்டர் பட்டியலையும் கிளஸ்டரில் சேர்த்துவிட்டால், சந்தா வாடிக்கையாளர் காணும் ஓப்பரேட்டர்கள் எல்லாம், அவற்றைத் தேர்ந்து நிறுவும் பக்கமான ஓப்பரேட்டர் ஹப்பில் தோன்றும். நிறுவினால் பெரும்பாலும் வேலையும் செய்யும்.

இங்கே தொழில்நுட்பம் தடுக்கவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளும் மனநிலையை அணிகள் விட்டொழிக்க வேண்டும். அந்த ஓப்பரேட்டர்கள் சந்தாத் தயாரிப்புகள். அவற்றுக்குத் தனிச் சந்தா இருந்தால், ஓகேடி போன்ற தளத்தில் பயன்படுத்த அந்தச் சந்தா அனுமதிக்கிறதா, ஆதரவு கிடைக்குமா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இயக்கும் உரிமை இருந்தும் ஆதரவு இல்லாத நிலை சாத்தியமே. இரவு 2 மணிக்குச் சேவை விழுந்தபின் அதைக் கண்டறிவது யாருக்கும் நல்லதல்ல.

சந்தா இல்லையென்றால், ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் அது எதிலிருந்து உருவாக்கப்படுகிறதோ அந்தத் திறந்த மூல முன்னோடித் திட்டம் உண்டு. ஓப்பன்ஷிஃப்ட் கிட்ஒப்ஸ் இடத்தில் ஆர்கோ சிடி, பைப்லைன்ஸ் இடத்தில் டெக்டொன், சேர்விஸ் மெஷ் இடத்தில் இஸ்தியோ, ஆன்சிபிள் ஓட்டோமேஷன் பிளட்ஃபோர்மின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு ஏடபிள்யூஎக்ஸ், ரெட் ஹாட் பில்ட் ஒஃப் கீகிளோக் இடத்தில் கீகிளோக், ஏஎம்கியூ ஸ்ட்ரீம்ஸ் இடத்தில் ஸ்ட்ரிம்சி, ஜேபொஸ் ஈஏபி இடத்தில் வைல்ட்ஃப்ளை, டேட்டா ஃபவுண்டேஷன் இடத்தில் ரூக் மற்றும் செஃப், கிளஸ்டர் பாதுகாப்புக்கு ஸ்டாக்ரொக்ஸ். முன்னோடித் திட்டங்கள் வேகமாக நகர்கின்றன, பழைய பதிப்புகளுக்குத் திருத்தங்களை நீண்டகாலம் தருவதில்லை. சந்தாவுக்குச் செலுத்தாத பணத்தின் ஒரு பகுதியைப் பதிப்பேற்ற வேலைக்கான ஆள்நேரமாக ஒதுக்கிவைக்கவேண்டும் என்பதை நிதிப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: தரவுத்தளங்களிலும் ஜாவாவிலும் எண்ணும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்

பெரிய தொகைகள் இங்கேதான் உருவாகின்றன. ஒரக்கிள் தரவுத்தளத்தின் என்டர்பிரைஸ் பதிப்பு இமேஜை இழுக்க, ஒரக்கிளின் ரெஜிஸ்ட்ரியில் நிபந்தனைகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்துபவர் இளநிலைப் பொறியியலாளராக இருக்கலாம். ஆனால் ஏற்றுக்கொண்டது நிறுவனம் என்றே கருதப்படும். ஒரக்கிள் தன் கொள்கை ஆவணத்தில், இமேஜ் ஒரு குபர்னெட்டிஸ் நோட்டுக்கு இழுக்கப்பட்டுவிட்டாலே அந்த நோட்டின் செயலிகள் முழுவதற்கும் உரிமம் தேவை என்று கூறுகிறது. பொட்டுக்கு நீங்கள் விதித்த செயலி வரம்பு இந்தக் கணக்கில் சேராது.

இதன் விளைவை நிதானமாக எண்ணிப் பாருங்கள். 12 நோட்கள் உள்ள ஒரு கிளஸ்டரில் தரவுத்தளப் பொட் ஒன்றே ஒன்று. ஒரு நோட் பராமரிப்புக்காக வெளியேற்றப்படுகிறது, பொட் இன்னொன்றுக்கு நகர்கிறது, அங்கும் இமேஜ் இறங்குகிறது. சில மாதங்களில் பாதி நோட்களின் சேமிப்பில் அந்த இமேஜ் தங்கியிருக்கும். எல்லா நோட்களிலும் இமேஜ்களை முன்கூட்டியே இறக்கிவைக்கும் டீமன்செட் (ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பொட்டை ஓட்டும் ஏற்பாடு) ஏதாவது இருந்தால் முதல் நாளே 12 நோட்களும் கணக்கில் வந்துவிடும். ஆகவே, இத்தகைய இமேஜ்களுக்குத் தனி நோட்களை ஒதுக்கி, எந்தப் பொட் எந்த நோட்டில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் டெயின்ட், நோட் செலக்டர் இரண்டையும் கொண்டு கட்டிப்போடுங்கள். மற்ற நோட்களில் அந்த இமேஜ் இல்லை என்பதைக் கால ஒழுங்கில் சரிபார்த்துப் பதிவு வையுங்கள். முடிந்தால் தனிக் கிளஸ்டரே சிறந்தது. அந்தக் கொள்கை ஆவணம் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று ஒரக்கிளே அதில் குறிப்பிடுகிறது. அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் செயலி எவ்வாறு வரையறுக்கப்பட்டுள்ளது என்பதைச் சட்டத்தரணியோடு வாசியுங்கள்.

மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேர்வர் இமேஜ் வேறு மாதிரி. உடன்பாட்டை ஏற்கும் சூழல் மாறியை மட்டும் கொடுத்து, பதிப்பைக் குறிக்கும் மாறியைக் கொடுக்காமல் விட்டால், அது டெவலப்பர் பதிப்பாக எழும். எல்லா அம்சங்களும் இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது, ஆனால் உற்பத்தியில் இயக்க உரிமை இல்லை. அமைப்புகளை எழுதும் யாம்ல் கோப்பில் இல்லாத அந்த ஒரு வரியைத் தேடுவதே இங்கே உங்கள் சோதனை. கொண்டெய்னர் வாரியாக உரிமம் பெறும்போது ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 4 செயலிக் கோர்கள் கணக்கிடப்படும். 2022 பதிப்பிலிருந்து இந்த முறைக்கு சொஃப்ட்வெயார் அஷ்யூரன்ஸ் என்ற மைக்ரோசொஃப்ட் பராமரிப்புத் திட்டம் அல்லது சந்தா உரிமம் தேவை. ஐபிஎம்மின் கொண்டெய்னர் உரிம முறையில், பயன்பாட்டை அளவிடும் லைசென்ஸ் சேர்விஸ் என்ற கருவியைக் கிளஸ்டரிலேயே நிறுவவேண்டும் என்பது நிபந்தனை.

ஜாவாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அது பல இமேஜ்களின் அடியிலும் கண்ணில் படாமல் இருக்கிறது. 2023 ஜனவரியில் ஒரக்கிள் தன் ஜாவா சந்தாவை நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையின்படி விலையிடத் தொடங்கியது. ஜாவாவைப் பயன்படுத்துபவர்கள் மட்டுமல்ல, பகுதிநேர ஊழியர்களும் உள்ளகச் செயற்பாடுகளுக்கு உதவும் ஒப்பந்த ஊழியர்களும் அதில் அடங்குவர். கொழும்பில் தலைமையகமும் நாடெங்கும் தொழிற்சாலைகளும் கொண்ட ஓர் ஆடை நிறுவனத்தில் ஜாவா ஓடும் சேர்வர்கள் ஐந்தாறு இருக்கலாம், ஊழியர்கள் பல்லாயிரம் இருப்பார்கள். கணக்கு அந்தப் பல்லாயிரத்தின் மேல்தான். ஒரக்கிளின் ஜாவா மேம்பாட்டுத் தொகுதியான ஜேடிகே 17க்கான கட்டணமற்ற நிபந்தனைகளின் கீழான புதுப்பிப்புகள் 2024 செப்டெம்பரோடு முடிந்தன. ஆகவே "17 இலவசம்தானே" என்று 2022இல் எழுதப்பட்ட டொக்கர்ஃபைல், புதிய திருத்தப் பதிப்பை இழுக்கும்போது வேறு உரிமத்துக்குள் நுழைகிறது. கட்டணமற்ற ஜாவா வெளியீடுகளான எக்லிப்ஸ் டெமுரின், அமேசன் கொரேட்டோ, யூபிஐயின் ஓப்பன்ஜேடிகே ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மாறுவது பெரும்பாலான நிரல்களுக்கு ஒரு வரி மாற்றம். இதை ஒத்திப்போட நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

படி 6: இமேஜை வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள்

சொந்தக் கிளஸ்டரில் இயக்குவதற்கும் இலண்டனிலோ சிங்கப்பூரிலோ உள்ள வாடிக்கையாளரின் ரெஜிஸ்ட்ரிக்கு இமேஜைத் தள்ளுவதற்கும் இடையே சட்டரீதியாகப் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவது விநியோகம். ஜிபிஎல் உரிமத்தின் கடப்பாடுகள் அப்போதுதான் விழித்தெழுகின்றன: உரிம வாசகத்தை உடன் கொடுக்க வேண்டும், மூலநிரலையும் கொடுக்க வேண்டும், அல்லது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்து மூல உறுதியைக் கொடுக்க வேண்டும். உங்கள் நிரல் முழுவதும் மூடியதாக இருந்தாலும், அடியில் உள்ள பாஷுக்கும் கோர்யூட்டில்சுக்கும் உரிம வாசகத்தையும் மூலநிரலையும் கொடுக்கும் கடப்பாடு பொருந்தும்.

யூபிஐ இங்கேயும் வசதியானது. அதன் மூலநிரல் இமேஜ்களை ரெட் ஹாட் தனி டேக்கில் வெளியிடுகிறது, அவற்றை அதே வெளியீட்டு எண்ணுடன் உங்கள் ரெஜிஸ்ட்ரியில் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். டெபியன் அடிப்படையில் கட்டுபவர்கள் மூலப் பொதிகளைக் கட்டும் நாளிலேயே சேகரித்து வைப்பது நல்லது, பின்னர் அதே பதிப்பைத் தேடுவது கடினம். மூலநிரலைச் சேகரிப்பதற்கான பொறுப்பு யாருடையது என்பதை வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். விநியோகிக்கும் இமேஜின் பெயரில் மற்றவரின் வணிகச் சின்னம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். "இந்த அடிப்படையில் கட்டப்பட்டது" என்று விவரக்குறிப்பில் உண்மையைச் சொல்வது வேறு, தயாரிப்புப் பெயரிலேயே அதைச் சேர்ப்பது வேறு.

படி 7: உரிமம் மாறிய திட்டங்களைப் பதிப்பு எண்ணோடு குறித்துவையுங்கள்

பெயரை மட்டும் வைத்து "இது திறந்த மூலம்" என்று முடிவு செய்யும் காலம் போய்விட்டது. தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சேர்ச் 2021இல் 7.11 பதிப்பிலிருந்து அப்பாச்சி உரிமத்தை விட்டது, 2024இல் ஜிபிஎல்லின் கடுமையான வடிவமான ஏஜிபிஎல்லை ஒரு தெரிவாகச் சேர்த்தது. தரவுச் சேமிப்பு மென்பொருளான ரெடிஸ் 2024 மார்ச்சில் பிஎஸ்டி என்ற திறந்த மூல உரிமத்தை விட்டது, அதே மாதத்தில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அதன் கிளைத் திட்டமான வல்கி பிறந்தது. 2025 மே மாதத்தில் ரெடிஸ் 8 ஏஜிபிஎல்லையும் சேர்த்துக்கொண்டது. டெராஃபோர்ம், வோல்ட் ஆகியவை 2023 ஓகஸ்டில் பிஸ்னஸ் சோர்ஸ் உரிமத்துக்குப் போயின. உள்ளகப் பயன்பாட்டுக்கு இவற்றில் பல இன்னும் தடையற்றவை. அதே மென்பொருளை மற்றவர்களுக்குச் சேவையாக விற்கும் நிறுவனங்களுக்கே கட்டுப்பாடு கடுமை. ஆகவே உங்கள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிப்பையும் பயன்பாட்டு முறையையும் எழுதுங்கள்.

உரிமம் மாறாமலே விநியோகம் மாறுவதும் உண்டு. புரோட்கொம் நிறுவனத்திடம் உள்ள, ஆயத்த இமேஜ்களை வெளியிடும் பிட்நாமி, தன் பொது இமேஜ்களில் பெரும்பாலானவற்றை 2025இல் ஆதரவற்ற பழைய தொகுப்புக்கு நகர்த்தியது. நிறுவல் வார்ப்புகளான அதன் ஹெல்ம் சார்ட்டுகளின் மூலநிரல் அப்பாச்சி உரிமத்தில் அப்படியே இருந்தும், அவை சுட்டிய இமேஜ்கள் பழைய முகவரியில் இல்லாமற்போயின. ஹார்பர் போன்ற சொந்த ரெஜிஸ்ட்ரியில் நகல் வைத்திருந்த அணிகளுக்குத்தான் யோசிக்க அவகாசம் கிடைத்தது.

மடிக்கணினிகளையும் மறக்க வேண்டாம். டொக்கர் என்ஜின் அப்பாச்சி உரிமத்தில் கட்டணமற்றது. டொக்கர் டெஸ்க்டொப்போ 250 ஊழியர்களுக்குக் குறைவாகவும் ஆண்டு வருமானம் 1 கோடி டொலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டணமற்றது. இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் சந்தா வேண்டும். பொட்மேன் டெஸ்க்டொப் இதற்கு நல்ல மாற்று.

படி 8: விதியைக் கருவியில் எழுதுங்கள், விடையைத் தாளில் வாங்குங்கள்

கையால் ஒருமுறை எடுத்த பட்டியல் அடுத்த மாதம் பழசாகிவிடும். சிஃப்ட் அல்லது டிரிவி என்ற ஸ்கேனர் கருவி கொண்டு ஒவ்வொரு கட்டுமானத்திலும் உள்ளடக்கப் பட்டியலை எஸ்பிடிஎக்ஸ் அல்லது சைக்கிளோன்டிஎக்ஸ் வடிவில் உருவாக்கி, இமேஜின் டைஜஸ்டோடு சேமியுங்கள். கைவெர்னோ போன்ற கொள்கைக் கருவியில், அங்கீகரிக்கப்பட்ட ரெஜிஸ்ட்ரிகளைத் தவிர வேறெங்கிருந்தும் இமேஜ் வரக்கூடாது என்ற விதியை எழுதுங்கள். ஆரம்பத்தில் அதை எச்சரிக்கை மட்டத்தில் ஓடவிட்டு, எவை சிக்குகின்றன என்று பார்த்தபின் தடுப்பு மட்டத்துக்கு மாற்றுவது நல்லது. ஸ்கேனர் கருவிகள் பொதிகளின் உரிமத்தைச் சொல்லும். சந்தா ஒப்பந்தத்தின் நிபந்தனையைச் சொல்லாது. அந்தப் பகுதி மனிதர் வாசித்து எழுத வேண்டிய பதிவேடாகவே இருக்கும்.

விற்பனையாளரிடம் கேட்கும்போது "இதைப் பயன்படுத்தலாமா?" என்று கேட்டால் "எங்கள் விற்பனைப் பிரிவோடு பேசுங்கள்" என்ற பதில்தான் வரும். இமேஜின் முழு முகவரியும் டைஜஸ்டும், அது ஓடும் தளமும் நோட் இயங்குதளமும், நோட்களின் கோர் எண்ணிக்கையும், உற்பத்தியா சோதனையா என்பதும், மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கப்படுமா என்பதும் அடங்கிய ஒரு பத்தியை எழுதி, இந்த நிலையில் எந்தச் சந்தா எத்தனை அலகு தேவை என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி ஒப்பந்தக் கோப்பில் சேருங்கள். உள்ளூர் முகவர் தொலைபேசியில் "பரவாயில்லை" என்று சொன்னது, அவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தாலும், கணக்காய்வின்போது நிற்காது.

இந்தச் சோதனையிலேயே உரிமமில்லாத இமேஜ்கள் கண்டுபிடிக்கப்பட்டால், பதற்றத்தில் பதிவுகளை அழிக்க வேண்டாம்; அது ஒரு கவனக்குறைவை வேண்டுமென்று செய்த செயலாகக் காட்டிவிடும். முதலில் புதிய இழுப்புகளை நிறுத்துங்கள். எந்த நாளிலிருந்து எத்தனை நோட்களில் ஓடியது என்பதை எழுதி, சட்டப் பிரிவுக்கும் நிதிப் பிரிவுக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். மாற்று இமேஜ் உள்ளவற்றைச் சோதனைச் சூழலில் மாற்றத் தொடங்குங்கள். மாற்று இல்லாதவற்றுக்கு எத்தனை அலகு சந்தா வேண்டும் என்ற கணக்கைத் தயாரியுங்கள். விற்பனையாளரிடம் எப்போது, யார், எந்தச் சொற்களில் பேசுவது என்பதைச் சட்டத்தரணி தீர்மானிக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு அவர் போகும்போது கையில் டைஜஸ்ட் பட்டியலும் திகதிகளும் இருக்க வேண்டும்.